பந்திக்கு முந்தியவர்கள்

ஐந்து ரோட்டுப் பக்கம், மூன்றாம் மாடி.
சொட்டுச் சொட்டாய் இறங்குகிறது ஜெம்சிட்டபின்.
பார்க்கத் தண்ணீர்தான்.
பில்லைப் பார்த்தால்தான் வேறு.

முப்பத்தொரு வருஷம் நான்
அம்மாபேட்டை தாண்டி ஒரு ஜவ்வரிசி ஆலையில்
பால் தொட்டிக்குக் காவல்.
கிழங்கை அரைத்து வடித்துத் தேக்கிய மாவுப்பால்,
ராத்திரி கரண்ட் போய் வேலை நின்றால்
நமக்கு முன்னால் யாரோ உட்கார்ந்துவிடுவார்கள் சாப்பிட.
கண்ணுக்குத் தெரியாது,
மூக்குக்குத் தெரியும்.
விடிந்தால் நுரை, புளிப்பு, முதலாளியின் முகம்.

அதனால் டாக்டர் பெர்னதெத்
"கட்டிக்குள்ளேயே பாக்டீரியா இருக்கலாம்,
சிலது இந்த மருந்தை உடைச்சு
வேலைக்கு ஆகாம பண்ணிடும்" என்றபோது
நான் ஆச்சரியப்படவில்லை.
"பந்திக்கு முந்திட்டாங்களா?" என்றேன்.
சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டார்.

கணையம்.
அந்தச் சொல்லையே ஐம்பத்தாறு வயதில்தான்
வாயில் போட்டேன்.
வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்து படுத்த
மரவள்ளிக் கிழங்கு என்று வைத்துக்கொண்டேன்.
பிடுங்கும்வரை
அழுகலா நல்லதா, யார் கண்டது.

ஒரு நொதியாம். நீளமான பெயர்.
மருந்தின் ஓர் ஓரத்தை மட்டும் கடித்துவிடுமாம்.
சாவியில் ஒரு பல் குறைந்தால் போதாதா?
செல்லின் வாசல்வரை போய்க்
கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் ஜெம்சிட்டபின்.

"அப்ப மாத்திரை குடுத்து எல்லாத்தையும் கொன்னுடுங்க."
"எலியில பாத்திருக்காங்க. மனுஷனுக்கு இன்னும் தெளிவில்ல.
குடல்ல வேற சிலது இருக்கு.
நீங்க திங்கிற பருப்புலருந்து ஒண்ணு செஞ்சு
ரத்தத்துல அனுப்புது. அது கீமோவுக்குக்
கை குடுக்கிற மாதிரி தெரியுது.
செடிக்குள்ளயும் அதே சரக்குதான், வேர் விட வைக்கிறது.
யாரை விரட்ட, யாரை வைக்க?"

பக்கத்து நாற்காலியிலிருந்து
"மிளகுக் கொடி நடறப்போ நுனியில தொடுற பொடியா?"
என்றது ஒரு குரல்.
சடையன். ஏற்காட்டில் காபி எஸ்டேட், பல்ப்பர் கொட்டகை.
எனக்கு ரெண்டு சைக்கிள் மூத்தவர்.
"அதுக்குச் சொந்தக்காரன்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து நாங்கள் நோயைப் பேசுவதில்லை.
தொட்டியைப் பேசுகிறோம்.
தோல் உரித்த கொட்டையின் வழவழப்பைத்
தின்று கழற்ற
கூலி கேட்காத ஒரு கூட்டம் அங்கே.
"ஒரு ராத்திரி. குளிர் ஜாஸ்தின்னா ஒன்றரை.
கையை விட்டுத் தேய்ப்பேன்.
கூழாங்கல் சத்தம் வந்துச்சா, தண்ணியத் திறந்துடணும்.
அசந்தா நாத்தம், மொத்தமும் போச்சு."
"வரவே விடாம பண்ணிட்டா?"
"வழவழப்பு போவாதுங்களே."
எனக்குப் புளித்தால் நஷ்டம்.
அவருக்குப் புளிக்காவிட்டால் நஷ்டம்.

வீட்டில் குணவதி
பழைய சோற்றுப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டாள்.
வெள்ளை அணு குறைச்சல், எல்லாம் சூடாகத்தான்.
தயிரைப் பார்த்தால்
அவளுக்கு இப்போது போலீஸ் முகம்.

செவ்வாய்க்கிழமை ஸ்கேன்.
சடையனுக்கு ஒன்பது மில்லிமீட்டர் சுருக்கம்.
எனக்கு அப்படியே.
அதே மருந்து, அதே ஜெசிந்தா சிஸ்டர்,
அதே ஊசி போடத் தெரியாத கை.
ஏன் என்று கேட்டதற்கு
டாக்டர் பேனாவை மூடித் திறந்தார், மூடித் திறந்தார்.
சடையன் என் பக்கம் திரும்பவே இல்லை.
தப்புச் செய்தவர் மாதிரி
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அங்கே சேர்வராயன் மலை,
பாதிக்கு மேல் மேகம்.

பை காலியாகப் போகிறது.
கடைசிச் சொட்டுகள் மெதுவாய்த்தான் வரும்.
தொட்டி ஓரம் ராத்திரி காவல் நின்றவன்
தனியாகப் பேசிக்கொள்வது பழக்கம்தானே,
பேசுகிறேன்:

உள்ளே இருக்கிறவர்களே,
எனக்கு முன்னாலேயே இலை போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்,
எழுப்பிவிட இங்கே யாருக்கும் தெரியவில்லை.
சாப்பிடுங்கள்.
கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.